மேல்மண்ணை வழித்து வைத்துத் திரும்பப் பரப்பினால் போதுமா?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் உதவும். நீலகிரியில் கோத்தகிரிப் பக்கம் சோலையை, அதாவது மலைப் பள்ளங்களில் வளரும் இயற்கைக் காட்டை, ஒட்டி இரண்டு ஏக்கர் வாங்கியிருக்கிறீர்கள். பாதி கைவிடப்பட்ட தேயிலை, மீதி மரமும் புல்லும். அங்கே ஒரு வீடும் நாலு காட்டேஜும் கட்ட எண்ணம். பெரிய மரம் எதையும் வெட்டப்போவதில்லை. வெட்டுகிற சிறு மரங்களுக்கு இரண்டு பங்கு நடுவீர்கள். மேல்மண்ணை முதலிலேயே ஜேசிபியால் வழித்து ஓரமாகக் குவித்து வைத்து, வேலை முடிந்ததும் பரப்பிவிடலாம் என்று காண்ட்ராக்டர் சொல்லியிருக்கிறார். "இப்படிச் செய்தால் காட்டு மண்ணின் தரம் கெடாதுதானே?" என்று கேட்கிறீர்கள்.

கெடும். உங்கள் எண்ணம் நல்லதுதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் இந்தத் திட்டம் மேல்மண்ணைச் செங்கல், ஜல்லி, மணல் வரிசையில் ஒரு சரக்காக எண்ணுகிறது. எடுத்து வைக்கலாம், அப்புறம் போட்டுக்கொள்ளலாம் என்று. காட்டு மண்ணில் பொருளைவிட அது அடுக்கப்பட்டிருக்கும் விதம்தான் பெரிது. ஒரு குருவிக்கூட்டைப் பிரித்து, ஒரு நார்கூட விடாமல் பொட்டலம் கட்டி வைத்து, பிறகு அதே கிளையில் கொட்டினால் கூடு ஆகிவிடாது. அது போலத்தான்.

நான் இந்த மலையில் பல வருடமாக மண் மாதிரி எடுப்பதும் சோலை மரங்களுக்கு நாற்றங்கால் பார்ப்பதுமாக இருப்பவன். சொல்வதை நீங்களே கண்ணால் பார்த்துவிட ஒரு வழி உண்டு. உங்கள் இடத்தில் சோலை தொடங்கும் ஓரத்தில் உட்கார்ந்து, ஒரு கரண்டியை வைத்துக்கொண்டு ஒரு முழம் ஆழத்துக்கு மெதுவாக இறங்குங்கள். மேலே இந்த வருடம் விழுந்த சருகு. இலை இலையாக எண்ணிவிடலாம். அதற்குக் கீழே பாதி மக்கிய இலைகள், நரம்பு மட்டும் மிஞ்சியவை, அவற்றை ஒன்றோடொன்று தைத்தது போல வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை இழைகள். அதற்கும் கீழே கறுப்பு மண். கையில் எடுத்தால் ரவை உப்புமா மாதிரி உதிரும், மழை பெய்து ஓய்ந்த வாசனை வரும். தலைமுடி போல மெல்லிய வேர்கள் முழுக்க இந்த அடுக்கில்தான் பின்னிக் கிடக்கும். அதற்குக் கீழேதான் நாம் சாலை வெட்டிய இடங்களில் பார்க்கிற பழுப்பும் சிவப்புமான களிமண். ஒரு மரம் ஆழமாக வேர் விட்டு நிற்பதாக நாம் நினைத்தாலும், அதன் சாப்பாடு பெரும்பாலும் மேலே உள்ள ஓரடி ஒன்றரையடி மண்ணிலிருந்துதான் வருகிறது.

இப்போது அந்தக் கறுப்பு மண்ணின் எடையைப் பாருங்கள். காய்ந்த மண்ணின் எடையை அது இருந்த இடத்தின் கன அளவால் வகுத்துக் கிடைப்பதைப் பரும அடர்த்தி என்போம். நல்ல காட்டு மேல்மண்ணில் அது ஒரு கன சென்டிமீட்டருக்கு ஒரு கிராமுக்கும் குறைவாக இருக்கும். அப்படியென்றால் அந்த மண்ணில் பாதிக்கும் மேல் வெற்றிடம். புழு போன பாதை, பழைய வேர் மக்கி விட்டுப்போன குழாய், உருண்டைக்கும் உருண்டைக்கும் நடுவில் உள்ள சந்து. மழைநீர் இறங்குவதும், வேர் மூச்சு விடுவதும், மண்ணுயிர்கள் வாழ்வதும் இந்த வெற்றிடத்தில்தான். காட்டு மண்ணின் தரம் என்று நீங்கள் சொல்வதில் பெரும்பங்கு இந்தக் காலி இடம்தான் என்றே சொல்வேன். மண் பரிசோதனை அட்டையில் தழை, மணி, சாம்பல் சத்து என்று மூன்று எண் வருகிறதே, அதில் இது வராது.

ஜேசிபி அதன் மேல் ஏறினால் முதலில் போவது இந்தப் பெரிய சந்துகள். மெதுவாகத்தானே இறுகும், நாலைந்து தரம் போனால் ஒன்றும் ஆகாது என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் மொத்த இறுக்கத்தில் பெரும்பங்கு முதல் சில ஓட்டத்திலேயே நடந்துவிடும். அதன்பின் நூறு தரம் ஓட்டினாலும் கூடுவது கொஞ்சம்தான். மண் ஈரமாக இருந்தால் இன்னும் மோசம். ஈரக் களிமண் சப்பாத்தி மாவு போல, அமுக்கினால் அமுங்கிய வடிவத்திலேயே நின்றுவிடும். அடர்த்தி ஒன்றரைக்கு மேல் போய்விட்ட களிமண்ணில் மெல்லிய வேர் நுழையவே திணறும். மேலே இருப்பதைக் கடப்பாரையால் கிளறிவிடலாம். ஓரடிக்குக் கீழே ஏற்பட்ட இறுக்கம் பல பத்தாண்டுகள் அப்படியே கிடக்கும்.

சரி, வழித்துக் குவித்து வைக்கிற யோசனைக்கு வருகிறேன். காண்ட்ராக்டர் தவறான நோக்கத்தில் சொல்லவில்லை. சமவெளியில் கட்டட வேலையிலும் சுரங்க வேலையிலும் மேல்மண்ணைக் காப்பாற்ற எழுதி வைத்திருக்கிற முறைதான் அது. மேல்மண்ணை அடிமண்ணோடு புதைத்துவிடுவதைவிட எவ்வளவோ மேல். ஆனால் வழிக்கும்போதே மூன்று விஷயம் நடந்துவிடுகிறது. வாளியின் பல் சருகையும் கறுப்பு மண்ணையும் அடியில் உள்ள சிவப்புக் களியையும் ஒரே வீச்சில் அள்ளிக் கலந்துவிடும். சரிவில் இதைப் பிரித்து எடுப்பது தேர்ந்த ஆபரேட்டருக்கே கஷ்டம். இரண்டாவது, பூஞ்சை வலை அறுந்துபோகும். காட்டு மரங்களில் மிகப் பலவும் வேர்ப்பூஞ்சையோடு கூட்டு வைத்துத்தான் மணிச்சத்தையும் நீரையும் எடுக்கின்றன. இழை உயிரோடு இருக்க அதற்கு உயிருள்ள வேர் வேண்டும். மூன்றாவது, குவியலின் உள்ளே நடப்பது. ஆளுயரத்துக்கு மேல் குவித்தால் நடுவில் காற்று போகாது. காற்று வேண்டிய நுண்ணுயிர்கள் சாகும், தழைச்சத்து அம்மோனியமாகச் சேர்ந்துகொண்டே போகும். பிறகு குவியலைக் கலைத்துப் பரப்பிய அன்று காற்றுப்பட்டு அது நைட்ரேட்டாக மாறி, அடுத்த மழையில் ஓடைக்குப் போய்விடும். மாதக்கணக்கில் கிடந்த குவியலைத் தோண்டினால் உள்ளே சாம்பல் நிறமாக, சாக்கடை வாடை அடிப்பதைப் பார்த்திருக்கிறேன். நிறத்தைப் பார்த்து "நல்ல கறுப்பு மண் சார்" என்று பரப்பிவிடுவார்கள். அந்த மண்ணுக்குள் உயிர் போய் ரொம்ப நாள் ஆகியிருக்கும்.

இன்னொன்றையும் உங்கள் கடிதத்தில் கவனித்தேன். பெரிய மரங்களை வெட்ட மாட்டோம் என்கிறீர்கள். அடிமரத்தைத் தொடாமல் இருப்பதும் மரத்தைக் காப்பாற்றுவதும் வேறு வேறு. மரத்தின் சாப்பாட்டு வேர்கள் அதன் கிளைப் பரப்பையும் தாண்டி வெளியே போகும், மேலாகவே போகும். அந்த வட்டத்துக்குள் டிப்பர் நின்று திரும்பினாலோ, எம்சாண்டைக் கொட்டி வைத்தாலோ, தோண்டிய மண்ணை "மரத்தடியில்தான் போட்டிருக்கிறோம்" என்று ஓரடி உயரத்துக்கு நிரப்பினாலோ, வேருக்கு மூச்சு முட்டும். உடனே ஒன்றும் தெரியாது. அடுத்த வருடமும் தளிர் வரும். நாலைந்து வருடம் கழித்து உச்சிக் கிளைகள் காயும், அப்புறம் ஒரு காற்றில் விழும். அப்போது எல்லோரும் பூச்சி என்பார்கள், வயசு என்பார்கள். ஒரு தங்கும் விடுதியில் இப்படி முற்றத்தின் நடுவே அழகாக விட்டுவைத்த ஐந்து பெரிய நாவல் மரங்களில் மூன்று காய்ந்ததைப் பார்த்தேன். சுற்றிலும் கல் பாவி, அடிமரத்தைச் சுற்றி மூன்றடி வட்டம் மட்டும் விட்டிருந்தார்கள். அந்த மரங்களை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை.

சரிவில் கட்டுவதால் உங்களுக்கு இன்னொரு பெரிய விஷயம் உண்டு, வெட்டி நிரப்புதல். மேல்பக்கம் வெட்டி, அந்த மண்ணைக் கீழ்ப்பக்கம் தள்ளிச் சமதளம் எடுப்பார்கள். வெட்டிய முகத்தில் அடிமண் வெளியே வரும். அதில் மக்கு (மக்கிப்போன இலைதழை) இல்லை, உருண்டை கட்டும் பசை இல்லை. நிரப்பிய பக்கத்தில் பழைய புல்லும் சருகும் கறுப்பு மண்ணும் அப்படியே புதைந்துபோகும். புதைந்த அந்த மக்கு அடுக்கு நீரை வாங்கி வைத்துக்கொண்டு, அழுகிக் குழைந்து, மேலே போட்ட பாரத்துக்கும் கீழே உள்ள சரிவுக்கும் நடுவில் ஒரு வழுக்குப் பலகை ஆகிவிடும். நிரப்பிய மண் ஒரு பெருமழையில் மொத்தமாக நழுவுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். 2009 நவம்பரில் நீலகிரியில் நூற்றுக்கணக்கான இடங்களில் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தது உங்களுக்கும் நினைவிருக்கும். எல்லாச் சரிவுக்கும் கட்டடம்தான் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் கொட்டியபோது ஆள் இல்லாத காட்டுச் சரிவுகளும் சரிந்தன. ஆனால் அந்த அளவு மழைக்குக் காடே தாங்காது என்றால், வெட்டி நிரப்பிய சரிவு அதில் பாதிக்கும் தாங்காது என்பதைத்தான் அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும்.

கூரைத் தண்ணீரையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். 2000 சதுர அடிக் கூரை கிட்டத்தட்ட 186 சதுர மீட்டர். ஐந்து சென்டிமீட்டர் மழை உங்கள் ஊரில் ஐப்பசியில் சாதாரணம். அந்த ஒரு மழைக்கே 9,300 லிட்டர், ஒரு கூரையிலிருந்து. முன்பு அந்தத் தண்ணீர் சருகில் விழுந்து, சொட்டுச் சொட்டாக மண்ணில் இறங்கியது. இப்போது ஒரு குழாய் வாயிலிருந்து வேகமாக விழும். விழும் இடத்தில் முதல் வருடம் ஒரு விரல் அகலத்துக்குக் கோடு, மூன்றாம் வருடம் ஒரு வாய்க்கால். அந்த வாய்க்கால் கொண்டுபோவது உங்கள் வேலிக்கு வெளியே உள்ள சோலையின் மேல்மண்ணை. கட்டடத்தின் பாதிப்பு அஸ்திவார அளவோடு நிற்பதில்லை என்று சொல்வது இதனால்தான். சாலையும் அப்படியே. பத்தடி அகலப் பாதையானாலும் குறுக்கே வருகிற எல்லா நீரையும் அது ஒன்றுசேர்த்து ஒரே இடத்தில் விடும்.

அப்புறம் சோலையின் ஓரம். ஓரத்தில் வெயிலும் காற்றும் புதிதாக நுழைந்தால் சருகு காயும், மண்ணின் ஈரம் குறையும். காய்ந்த, கிளறிய மண்ணில் முதலில் வருவது உண்ணிச்செடியும் செஸ்ட்ரம் என்ற அந்நியப் புதரும்தான். சிமெண்ட் கழுவிய தண்ணீரைப் பற்றி ஒரு வரி: இந்த மலைமண் இயல்பிலேயே அமில மண், சிமெண்ட் பால் கடும் காரம். கலவை இயந்திரம் கழுவுகிற இடத்தைத் தரையில் விடாமல் தார்ப்பாய் விரித்த குழியில் விடச் சொல்லுங்கள்.

இனி ஒரு ஏமாற்றத்தைப் பற்றிச் சொல்லவேண்டும், ஏனென்றால் பெரும்பாலோர் இதில்தான் தடுமாறுகிறார்கள். காட்டை ஒட்டிய நிலத்தைக் கிளறி முதல் இரண்டு வருடம் என்ன போட்டாலும் பிரமாதமாக வரும். ரோஜா, கேரட், பீன்ஸ் எல்லாம் கொழிக்கும். "மண் கெட்டுப்போகும் என்றார்களே, பாருங்கள்" என்று எனக்கே படம் அனுப்பியிருக்கிறார்கள். அந்தச் செழிப்பு வருமானம் இல்லை, மூலதனத்தைச் செலவழிக்கிறோம். மண்ணைக் கிளறியதும் காற்றும் சூடும் பட்டு, உருண்டைக்குள் பத்திரமாக மூடிக்கிடந்த மக்கை நுண்ணுயிர்கள் வேகமாகத் தின்றுவிடுகின்றன. அதிலிருந்த தழைச்சத்து ஒரேயடியாக வெளியே வருகிறது. செடி எடுத்தது போக மீதி ஓடிப்போகிறது. அமெரிக்காவின் நியூஹாம்ப்ஷயரில் ஹப்பர்ட் புரூக் என்ற ஆராய்ச்சிக் காட்டில் இதை அளந்தே பார்த்தார்கள். 1965 குளிர்காலத்தில் ஒரு சிறு நீர்ப்பிடிப்புப் பகுதியில் இருந்த மரம் முழுவதையும் வெட்டிச் சாய்த்து, மறுபடி எதுவும் முளைக்காமல் தடுத்தார்கள். மரத்தை வெளியே எடுத்துப்போகக்கூட இல்லை, மண்ணையும் தோண்டவில்லை. ஆனாலும் அந்த ஓடையில் நைட்ரேட் நாற்பது மடங்குக்கும் மேல் ஏறியது. அத்தனை காலமும் மரவேர்கள் அந்தச் சத்தைப் பிடித்து வைத்திருந்தன.

நம் ஊர்க் குறிஞ்சி நிலத்தில் தினைப்புனம் வைத்தவர்களுக்கு இது அனுபவமாகவே தெரியும். காட்டை எரித்து இரண்டு மூன்று வருடம் விதைப்பார்கள், பிறகு விட்டுவிட்டு வேறு இடம் போவார்கள். விட்டுப்போனதால்தான் அந்த மண் பிழைத்தது. நாம் கட்டுகிற கட்டடமும் போடுகிற தோட்டமும் இடத்தை விட்டுப் போவதில்லை. உலகம் முழுவதும் நடந்த 74 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2002இல் வந்த ஒரு கட்டுரை, இயற்கைக் காடு பயிர்நிலமானால் மண்ணில் உள்ள கரிமம் சராசரியாக 42 சதவீதம் குறைகிறது என்று கணக்கிட்டது. அதுவும் உழுகிற நிலத்துக்கு. வழித்து எடுத்துக் கல் பாவிய நிலத்துக்கு இல்லை.

"இரண்டு பங்கு மரம் நடுவோம்" என்பதைப் பற்றி. எங்கே நடப்போகிறீர்கள்? இரண்டு ஏக்கரில் காலியாக இருப்பது அந்தப் புல் நிலம்தான். தயவுசெய்து அதில் நடாதீர்கள். நீலகிரியின் உயர்ந்த பகுதிகள் சோலையும் புல்வெளியும் மாறி மாறி அமைந்தவை. பள்ளத்தில் சோலை, மேட்டில் புல். புல்லைப் பார்த்துக் காலி நிலம் என்று நினைத்தது 1819இல் ஜான் சல்லிவன் மேலே வந்ததிலிருந்து தொடரும் தவறு. 1840களிலிருந்து சீகையும் (வாட்டில்) கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) கொண்டுவந்து நட்டார்கள், தேயிலையும் உருளைக்கிழங்கும் பரவின, இப்போது மனை. ஆனால் அந்தப் புல்லுக்கடியில் உள்ள மண்ணைத் தோண்டிப் பாருங்கள், சோலை மண்ணுக்குச் சளைக்காத கறுப்பு. புல்வேர் வருடாவருடம் செத்து அங்கேயே சேர்ந்த கரிமம். இந்த மலைச் சதுப்புகளில் புல்லும் மரமும் இலையும் அழுகிச் சேர்ந்த கரியைச் சோதித்து, ஏறத்தாழ இருபதாயிரம் வருடத்து ஈரத்தையும் வறட்சியையும் 1993இல் விஞ்ஞானி சுகுமாரும் அவர் குழுவினரும் படித்துச் சொன்னார்கள். புல் எது, மரம் எது என்று கரிமத்திலேயே எழுதியிருக்கிறது. அவ்வளவு பழைய மண் அது. கிளென்மார்கனில் ஊட்டி மண் நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையத்தார் பக்கத்துப் பக்கத்தில் உள்ள இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகளை எடுத்து, ஒன்றில் 1972இல் கற்பூர மரம் நட்டு, இன்னொன்றை இயல்பாக விட்டுப் பார்த்தார்கள். முதல் பத்தாண்டில் மரம் நட்ட பக்கம் ஓடை நீர் 16 சதவீதம் குறைந்தது. மரம் நடுவது எல்லா இடத்திலும் புண்ணியம் ஆகிவிடாது.

இவ்வளவையும் படித்துவிட்டு ஒன்றும் செய்யமுடியாது என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கு இந்த வேலையில் நம்பிக்கை கொடுத்தது ஒரு காட்சி. நீலகிரியிலும் பழனி மலையிலும் பழைய சீகைத் தோப்புகளுக்குள் போனால், அந்த அந்நிய மரங்களின் நிழலிலேயே சோலைக் கன்றுகள் தானாக முளைத்து வருகின்றன. பறவை போட்ட விதை. யாரும் நடவில்லை. பக்கத்தில் ஒரு துண்டுச் சோலை மிச்சம் இருந்து, தோப்பின் மண்ணை யாரும் புரட்டாமல் இருந்தால் வருகிறது. பல பத்தாண்டு அந்நிய மரம் நின்ற இடம்கூடச் சோலையாகத் திரும்புகிறது. ஆனால் ஐந்து வருடம் முன்பு ஒரே வாரத்தில் ஜேசிபி சமன்படுத்தி, பிறகு யாரும் கட்டாமல் விட்ட மனைகள் பக்கத்திலேயே உண்டு. அங்கே உண்ணிச்செடியைத் தவிர ஒன்றும் வரவில்லை. மண்ணின் அடுக்கு குலையாமல் இருந்தால் சருகும் புழுவும் பூஞ்சையும் சில வருடங்களிலேயே திரும்பிவிடும். அடுக்கு குலைந்தால் கணக்கு வேறு. இரண்டு மூன்று சென்டிமீட்டர் மேல்மண் உருவாக ஆயிரம் வருடம் வரை ஆகலாம் என்று ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு சொல்கிறது. அதனால் உங்களிடம் நான் கேட்பது, மண்ணை எப்படித் திரும்பப் போடுவது என்ற யோசனையை விட்டுவிட்டு, எங்கெல்லாம் தொடவே மாட்டோம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

அதற்கு உங்களிடம் ஒரு நல்ல வசதி இருக்கிறது, பழைய தேயிலை. அந்தப் பாதி நிலம் ஏற்கெனவே கிளறப்பட்டது, உரம் போட்டு அமிலம் ஏறியது. வீடும் காட்டேஜும் பாதையும் அங்கேயே அமையட்டும். தேயிலைத் தோட்டத்துக்குள் பழைய கூலிப்பாதை ஒன்று கட்டாயம் இருக்கும், லாரி வருவதும் அதிலேயே இருக்கட்டும். சோலை ஓரத்தையும் புல்லையும், ஒவ்வொரு பெரிய மரத்தையும் அதன் கிளை நிழலுக்கு இரண்டு மூன்று அடி வெளியே தள்ளி, கயிறு கட்டி அடைத்துவிடுங்கள். சர்வே ஆட்கள் வருவதற்கும் முன்னால் கட்டுங்கள், ஏனென்றால் முதல் நாளிலேயே புதரை வெட்டிப் பாதை எடுத்துவிடுவார்கள். கயிற்றுக்குள் சக்கரம் போகக்கூடாது, சாமான் இறக்கக்கூடாது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். வாயால் சொன்னது மேஸ்திரி மாறினால் மறந்துபோகும்.

நாலு காட்டேஜை இரண்டாகக் குறைக்க முடியுமா என்று யோசியுங்கள். முடியாவிட்டால், வெட்டி நிரப்பாமல் தூண்களின் மேல் நிற்கிற சிறு கட்டடமாகப் போடுங்கள். தூண் நிற்கும் குழியை ஆட்களே தோண்டிவிடலாம். செலவு கொஞ்சம் கூடும், ஆனால் தடுப்புச் சுவர்ச் செலவு குறையும். எப்படியும் மலையில் ஜேசிபி இறக்க மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். உங்கள் கிராமம் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் பட்டியலில் இருந்தால் அதற்கும் தனி அனுமதி. இரண்டையும் வாங்காமல் தொடங்காதீர்கள்.

மண் வேலையை ஜனவரி முதல் மார்ச்சுக்குள் முடியுங்கள். கோத்தகிரிக்குப் பெரிய மழை வடகிழக்குப் பருவத்தில், சித்திரையில் கோடைமழை வந்துவிடும். கொஞ்சம் மண்ணை எடுத்து உருட்டிப் பாருங்கள், கயிறு மாதிரி நீண்டால் அன்று இயந்திரம் இறங்க வேண்டாம். உதிர்ந்தால் சரி.

அஸ்திவாரம் வருகிற இடத்து மேல்மண்ணை எடுத்தாகத்தான் வேண்டும். அங்கே குவிப்பது நியாயமான வழி. சருகைத் தனியாக வாரிவிட்டு, கறுப்பு இருக்கும் ஆழம் வரை மட்டும், முடிந்தால் மண்வெட்டியால் எடுங்கள். இடுப்பளவுக்கு மேல் குவிக்காதீர்கள். நீளமாக, வரப்பு போலப் போட்டு, எடுத்த சருகாலேயே மூடுங்கள். மாதக்கணக்கில் வைக்காமல், வேலை முடிந்த பகுதிக்கு உடனுக்குடன் கொண்டுபோங்கள். பரப்புவதற்கு முன் கீழே இறுகிய மண்ணைக் கடப்பாரையால் ஓரடி உடைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பரப்பிய மண் ஓட்டு வீட்டுக் கூரையில் போட்டது போல வழுக்கிப் போகும். மேலே ரோலர் ஓட்டக்கூடாது. வெளியிலிருந்து லோடு லோடாகச் செம்மண் வாங்கி நிரப்பவும் கூடாது. அதோடு எந்த ஊர்க் களைவிதை வருகிறது என்று சொல்ல முடியாது.

கூரைத் தண்ணீருக்குத் தொட்டி கட்டுங்கள், நிரம்பி வழிவதைக் கல் விரித்த நீண்ட ஆழமில்லாத வாய்க்காலில் விட்டுச் சமமட்டத்தில் பரவச் செய்யுங்கள். சமவெளியில் சொல்வது போல ஆழமான உறிஞ்சுகுழி மட்டும் சரிவில் வேண்டாம். ஒரே இடத்தில் நீரை இறக்கி ஊற வைப்பது மண்சரிவை நாமே கூப்பிடுவதாகிவிடும்.

நடுவதானால் தேயிலை நிலத்தின் சோலைப் பக்க ஓரத்தில் நடுங்கள். நாவல் இனங்கள், காட்டுப்பூவரசு, ஓரத்தில் தவிட்டுப்பழம். நாற்றுப் பைக்குள் உங்கள் இடத்திலேயே உள்ள சோலை மரத்தடி மண் ஒரு பிடி போடுங்கள், பூஞ்சை அதிலிருந்து ஏறிக்கொள்ளும். அரசுக் காட்டிலிருந்து எடுக்காதீர்கள், அது குற்றம். எல்லாவற்றையும்விடச் சருகைக் கூட்டி எரிக்கிற வழக்கத்தைத் தோட்டக்காரரிடம் முதல் நாளே நிறுத்தச் சொல்லுங்கள். விருந்தினருக்குச் சுத்தமாகத் தெரியவேண்டும் என்று அவர் நல்ல மனசோடுதான் கூட்டுவார். பாதையில் மட்டும் கூட்டட்டும், அதையும் மரத்தடிக்கே தள்ளட்டும்.

வேலை தொடங்குவதற்கு முன் இரண்டு சின்னச் சோதனை செய்து எழுதி வையுங்கள். இரு பக்கமும் திறந்த ஒரு பால்பவுடர் டின்னை மண்ணில் இரண்டு அங்குலம் அழுத்தி, உள்ளே ஓர் அங்குல உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றி, இறங்க எவ்வளவு நேரம் என்று பாருங்கள். அதே இடத்தில் இரண்டாம் தரம் ஊற்றி அந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கற்பூர மரத்தடியில் காய்ந்த மண் முதலில் தண்ணீரை ஒட்டவிடாது, அதனால்தான் இரண்டாம் தரம். அடுத்து, நிழலில் காய்ந்த ஒரு மண்கட்டியைக் கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் மெதுவாக விடுங்கள். சோலைக் கட்டி வெகுநேரம் கட்டியாகவே நிற்கும், கெட்ட மண் சில நிமிடங்களில் கரைந்து குழம்பாகும். சோலை ஓரம், புல், தேயிலை, மூன்றிலும் நாலு நாலு இடத்தில் செய்தால் அரை நாள் வேலை. கட்டி முடித்து ஒரு மழைக்காலம் போனதும் அதே இடங்களில் திரும்பச் செய்யுங்கள். அந்த எண்களையும், கயிறு எங்கெங்கே கட்டுகிறீர்கள் என்று கையால் வரைந்த ஒரு படத்தையும் அனுப்புங்கள். பாதை மேலிருந்து வருகிறதா கீழிருந்தா என்று உங்கள் கடிதத்தில் தெரியவில்லை, அதையும் குறியுங்கள். பார்த்துவிட்டு எழுதுகிறேன்.